மூட்டைக்குள் ஓயாத வேலை: நொதிகளும் நம் சரக்கும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து கிடங்கைத் திறக்கும்போது நம்மில் பலருக்கும் ஏற்பட்ட அனுபவம் ஒன்று உண்டு. அட்டியின் நடுவில் இருக்கும் மூட்டைக்குள் கையை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். வெளியே குளிர். கூரையில் வெயில் இல்லை. பக்கத்தில் அடுப்பும் இல்லை. ஆனாலும் மூட்டைக்குள் சூடு. 'சரக்கு சூடு பிடித்துவிட்டது' என்று சொல்லி, அவசர அவசரமாக அட்டியைப் பிரித்துக் காயப்போடுகிறோம். காய்ந்தபின் நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருக்கிறது. நிறம் மங்கிவிட்டது. வாங்க வருபவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்கிறார்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? குறைந்த எடை எங்கே போயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். உயிருள்ள எல்லாப் பொருள்களிலும் இருந்து வேலை செய்யும் 'என்சைம்' எனப்படும் நொதிகளே அதற்குக் காரணம். நாம் உண்ட சோற்றைச் செரிக்க வைப்பவையும் அவையே. நம் மூட்டையைச் சூடேற்றுபவையும் அவையே. இவற்றின் குணத்தைத் தெரிந்துகொள்வது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய காரியம் அன்று. சரக்கில் பணத்தைப் போட்டுக் காத்திருக்கும் நமக்கும் அது மிகவும் தேவையானது.

தரகரைப் போன்ற பொருள்

நொதி என்பது பெரும்பாலும் ஒரு புரதம். அதன் வேலையை நம் தொழிலை வைத்தே புரிந்துகொள்ளலாம். மண்டியில் விற்பவரும் இருக்கிறார், வாங்குபவரும் இருக்கிறார். தாமாகப் பேசி வியாபாரம் முடிய நாளாகும். நல்ல தரகர் ஒருவர் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் பேச்சு உடனே முடிகிறது. அவர் அடுத்த வியாபாரத்துக்குப் போய்விடுகிறார். நொதியும் இப்படித்தான். ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறுவதற்கு முதலில் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நொதி அந்தத் தடையைத் தாழ்த்திக் கொடுக்கிறது. மாற்றம் முடிந்ததும் தான் எவ்வித மாறுதலும் இன்றி வெளியே வந்து அடுத்ததைப் பிடிக்கிறது. நம் இரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் நொதியின் ஒரே மூலக்கூறு, ஒரு நொடியில் ஏறத்தாழ 10 லட்சம் முறை இந்த வேலையைச் செய்யவல்லது.

தரகருக்கும் நொதிக்கும் இரண்டு வேற்றுமைகள் உண்டு. நொதி தரகுக் கூலி கேட்பதில்லை. அடுத்து, மிளகாய்த் தரகர் வேண்டுமானால் மல்லியும் பேசி முடிப்பார். நொதி அப்படிச் செய்யாது. மாவுச்சத்தை உடைக்கும் நொதி எண்ணெயைத் தொடாது. எண்ணெயைப் பிரிக்கும் நொதி மாவுச்சத்தைத் தொடாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல இது அமைந்திருக்கிறது என்று எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1894-இல் கூறினார். பொருள் வந்து சேரும்போது நொதியும் சற்றே வளைந்து இடம் கொடுக்கிறது என்று பிற்காலத்தில் அறியப்பட்டது.

இந்த அறிவு வளர்ந்த கதையில் நமக்குப் பழக்கமான சரக்குகளே வருகின்றன. 1833-இல் பிரான்சு நாட்டில் பாயன், பெர்சோ என்ற இருவர், முளைத்த பார்லியிலிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1897-இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறு மட்டுமே சர்க்கரையை நொதிக்க வைக்கப் போதும், உயிருள்ள ஈஸ்ட் தேவையில்லை என்று காட்டினார். 1926-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்தைச் சேர்ந்த ஓர் அவரை விதையிலிருந்து ஒரு நொதியைப் படிகமாகவே எடுத்து, அது புரதம்தான் என்று நிறுவினார்.

மூட்டைக்குள் எரியும் தீயில்லா அடுப்பு

நெல்லும், கம்பும், முழு உளுந்தும் விதைகள். அவை உயிரோடு இருக்கின்றன. உயிரோடு இருப்பதால் மூச்சு விடுகின்றன. விதையில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அடுத்த நொதிகள் சர்க்கரையைப் படிப்படியாகச் சிதைத்து, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்த்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கிச் செய்யும் பட்டறை வேலை போல இது நடைபெறுகிறது. உயிரினங்களின் உடலில் ஓயாது நடக்கும் இத்தகைய மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்தே வளர்சிதை மாற்றம் என்கிறோம். சாப்பிட்ட சோறு நம் உடலில் பலமாக மாறுவதும் இதே வழியில்தான்.

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ மாவுச்சத்து இவ்வாறு முழுவதும் சிதைந்தால் அரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான நீர் உண்டாகிறது. அதோடு வெளிப்படும் வெப்பம், 50 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எடை எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை. கண்ணுக்குத் தெரியாத வாயுவாகக் கிடங்கை விட்டுப் போய்விட்டது.

உலர்ந்த தானியத்தில் இந்த வேலை மிக மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஈரம் ஏறினால் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அந்த ஈரத்தில் பூஞ்சையும் முளைக்கிறது. பூஞ்சைக்கும் நொதிகள் உண்டு. அது அவற்றைத் தானியத்தின் மேல் கசியவிட்டு, கரைந்ததை உறிஞ்சுகிறது. சூடு பிடித்த மூட்டையில் பெரும்பங்கு வெப்பம் இந்தப் பூஞ்சையின் மூச்சினால் வருவதே. வண்டு இருந்தால் அதன் மூச்சும் சேர்ந்துகொள்கிறது. உண்டாகும் நீர் ஈரத்தைக் கூட்டுகிறது. உண்டாகும் வெப்பம் வேலையை விரைவாக்குகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல இது பெருகுகிறது. அட்டியின் நடுவில் எழும் நீராவி மேலே குளிர்ந்த மூட்டைகளில் பட்டுத் திவலையாகிறது. மழை நீர் ஒழுகாத கிடங்கிலும் மேல் மூட்டை நனைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரம், சூடு, புளிப்பு

நொதியின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை என்று தெரிந்தால், சரக்கைக் காப்பது எளிது.

முதலாவது ஈரம். நீர் இல்லாவிடில் நொதியும் பொருளும் ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை. நெல்லையும் அரிசியையும் 14 சதவீத ஈரத்துக்குள் வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. நிலக்கடலைப் பருப்பில் எண்ணெய் மிகுதி என்பதால் அதற்கு 8 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது நல்லதன்று. நம் பெரியவர்கள் தானியத்தைப் பல்லில் கடித்து, அது உடையும் சத்தத்தைக் கேட்டு வாங்கினார்கள். இன்று கையடக்க ஈரப்பதமானியும் கிடைக்கிறது.

இரண்டாவது சூடு. பொதுவாக 10 டிகிரி வெப்பம் கூடினால் நொதியின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மாவு மார்கழியில் மெதுவாகவும் சித்திரையில் சீக்கிரமாகவும் புளிப்பது இதனால்தான். ஆனால் இந்த ஏற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பம் 60, 70 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலான நொதிகளின் வடிவம் குலைந்துவிடுகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி நீர்க்காது அல்லவா? அதுபோலவே குலைந்த நொதியும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. குளிர் அப்படியன்று. அது நொதியை அழிப்பதில்லை, தூங்க வைக்கிறது. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெளியே எடுத்த சரக்கு விறுவிறுவென்று கெடுவதன் காரணம் இதுவே.

கடுகை எடுத்துக்கொள்வோம். முழுக் கடுகுக்கு மணமில்லை. அரைத்து நீர் சேர்த்தால் மூக்கில் ஏறும் நெடி வருகிறது. கடுகினுள் ஒரு நொதியும், அது பிரிக்கவேண்டிய பொருளும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அதே கடுகைக் காயும் எண்ணெயில் போட்டுத் தாளித்தால் நொதி அழிந்துவிடுகிறது. அதனால்தான் தாளித்த கடுகில் ஆவக்காயின் காரம் வருவதில்லை.

நாம் விற்கும் சலவைத் தூளிலும் நொதி உண்டு. கறையில் உள்ள புரதத்தையும் எண்ணெயையும் அது பிரிக்கிறது. கொதிக்கும் நீரில் அந்தத் தூளைப் போட்டால் நொதிக்குச் செலவிட்ட பணம் வீணாகும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்வது நம் கடமை.

மூன்றாவது புளிப்பு. ஒவ்வொரு நொதிக்கும் உரிய புளிப்பு நிலை ஒன்று உண்டு. வாயில் ஊறும் உமிழ்நீரின் நொதி, புளிப்போ காரமோ இல்லாத நடுநிலையில் வேலை செய்கிறது. சோற்றை நன்றாக மென்றால் இனிப்பது அதன் வேலையே. அது வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தில் செயலிழக்கிறது. வயிற்றில் உள்ள பெப்சின் என்ற நொதிக்கோ அந்த அமிலம் இருந்தால்தான் வேலை ஓடும். ஊறுகாயில் புளி, எலுமிச்சைச் சாறு, வினிகர் சேர்ப்பதும், உப்பை மிகுதியாகப் போடுவதும் கெடுக்கும் கிருமிகளின் நொதிகளுக்கு இடம் கொடாமல் இருப்பதற்கே.

நான்காவது, பொருளும் நொதியும் சந்திக்கும் வாய்ப்பு. முழுக் கம்பு மாதக் கணக்கில் கெடாது. அரைத்த கம்பு மாவோ சில நாட்களிலேயே கசந்து நாற்றமெடுக்கிறது. கம்பில் எண்ணெய் அதிகம். அரைக்கும்போது எண்ணெயும் அதைப் பிரிக்கும் நொதியும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. தவிடும் முளையும் நீக்கிய மைதாவைவிட முழுக் கோதுமை மாவு சீக்கிரம் சிக்கு வாசனை கொள்வதும் இதே காரணத்தால். மழையில் நனைந்து முளைவிடத் தொடங்கிய கோதுமையில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி பெருகிவிடும். அதை அரைத்த மாவு பிசைந்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். வாடிக்கையாளர் அரைவை மில்லைக் குறை சொல்வார். குறை மூட்டையிலேயே வந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புழுங்கல் அரிசி சொல்லும் பாடம்

மேலே சொன்னவை அனைத்தும் ஒன்றுசேரும் இடம் புழுங்கல் அரிசி. பச்சை நெல்லை அரைத்த தவிட்டில், எண்ணெயைப் பிரிக்கும் நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்திலேயே தவிட்டின் எண்ணெய் புளிக்கத் தொடங்கும். ஆகவே எண்ணெய் ஆலைக்காரர் அந்தத் தவிட்டைத் தாமதமின்றிச் சூடேற்றியோ பிழிந்தோ ஆகவேண்டும். நெல்லை ஊறவைத்து ஆவியில் புழுக்கும்போது இந்த நொதி அழிந்துவிடுகிறது. ஆதலால் புழுங்கல் தவிடு தாங்குகிறது. அதில் எண்ணெயும் கூடுதலாகக் கிடைக்கிறது.

புழுக்குவதால் விளையும் இன்னொரு நன்மை இதைவிடப் பெரியது. பல நொதிகள் தனியாக வேலை செய்வதில்லை. அவற்றுக்குத் துணைப்பொருள் ஒன்று வேண்டும். துத்தநாகம் போன்ற உலோகங்களும், பி வகை வைட்டமின்களும் அத்தகைய துணைகள். சர்க்கரையிலிருந்து உடல் சக்தியை எடுக்கும் பாதையில் முக்கியமான நொதிகளுக்குத் தயாமின் என்ற பி1 வைட்டமின் துணை நிற்கிறது. அது நெல்லின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று தீட்டினால் போய்விடுகிறது. துணை இல்லாத நொதி வேலை நிறுத்தம் செய்கிறது. நரம்பும் இதயமும் தளர்கின்றன. பெரிபெரி என்ற நோய் இதுவே.

டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர் தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். இதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே காலத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் வாடினர். இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. 1905-இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனை ஒன்றில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர், நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பச்சரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பந்தியிலேயே நோய் பரவியது. புழுக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதே இதன் இரகசியம். நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல்லைப் புழுக்கவில்லை. ஆயினும் அவர்கள் கைப்பழக்கம் கடல் கடந்தும் பல உயிர்களைக் காத்தது.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை

நொதியை முடக்கும் பொருள்களும் உண்டு. தரகரின் கையைக் கட்டிவிட்டால் மண்டியே நின்றுபோகும் அல்லவா? மருந்துகள் பலவும், பூச்சி விஷங்கள் பலவும் இப்படித்தான் செயல்படுகின்றன. கிடங்குச் சுவரில் அடிக்கும் மாலத்தியான், நரம்புகளில் செய்தியைத் துடைக்கும் நொதியை முடக்குகிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடுகிறது. அந்த வாயு, உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் நொதிகளைத் தாக்குகிறது.

இங்கே நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. மூச்சு விடுவதற்கான நொதிகள் வண்டிலும் மனிதனிலும் ஒரே வகையானவை. வாயுவுக்கு வண்டு எது, கிடங்கில் படுத்துறங்கும் கடைப் பையன் எவன் என்று தெரியாது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. 'ரெண்டு மாத்திரையைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் போட்டுவிடு' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்குமானால் அதை இன்றோடு நிறுத்த வேண்டும். வீட்டோடு ஒட்டிய கிடங்கில் அதைப் பயன்படுத்தவே கூடாது. உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரைக் கொண்டு, அட்டியை மூடி, உரிய நாட்கள் கழித்து, காற்றோட்டம் கொடுத்த பிறகே ஆட்கள் உள்ளே செல்ல வேண்டும். வண்டு தின்ற சரக்கு ஒரு நஷ்டம். அதை ஈடு செய்துவிடலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. கொள்முதலின்போதே ஈரம் பாருங்கள். ஈரச் சரக்கைச் சல்லிசாக வாங்கினால், வாங்கியது பாதி தண்ணீர், மீதி நொதிக்குத் தீனி.

2. மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காதீர்கள். அடியில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து இரண்டடி விட்டு, நடுவே காற்றுப் போக வழி வையுங்கள்.

3. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது அட்டியின் நடு மூட்டையில் கை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்த அன்றே பிரித்து உலர்த்துங்கள்.

4. நனைந்த நாளில் கிடங்கின் கதவைத் திறந்து போடாதீர்கள். காய்ந்த காற்று வீசும் நாளில் திறந்து வையுங்கள்.

5. கம்பு மாவு, முழுக் கோதுமை மாவு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அரைத்து விற்றுத் தீருங்கள். பழையது முதலில் போகட்டும்.

6. பூஞ்சை படிந்த கடலையையும் மக்காச்சோளத்தையும் நல்லதோடு கலக்காதீர்கள். பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் முற்றிலும் போகாது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. கழித்துவிட வேண்டியதைக் கழித்துவிடுவதே நேர்மையான வணிகம்.

7. புழுங்கல் அரிசியின் அருமையை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வெண்மைக்காக மட்டும் அரிசியைக் கேட்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நொதிகளுக்கு விடுமுறை கிடையாது. நாம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அவை மூட்டைக்குள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. ஈரத்தையும் சூட்டையும் நாம் அடக்கி வைத்தால் அவையும் அடங்கியிருக்கும். அடுத்த மழைக்கு முன்பாக அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கிடங்கை ஒருமுறை சுற்றி வந்து, மேற்சொன்ன ஏழையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.